செங்கல் சிவப்பா, பளிச் சிவப்பா?

கேள்வி: வாட்டர்லூ (1815) போர் விளையாட்டுக்காக 28 மி.மீ. பிரிட்டிஷ் காலாட்படைப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறேன். சிவப்புக் கோட்டுகள் பிளாஸ்டிக் போலவே பளபளக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: சிவப்பையே மாற்றுங்கள். சாதாரணச் சிப்பாயின் கோட்டு மேடர் வேர்ச் சாயத்தில் தோய்த்தது. ஏறக்குறைய செங்கல் நிறம். பளிச்சென்ற சிவப்பு அதிகாரிகளுக்கு. இந்த வேறுபாடு மேசையில் எவ்வளவு அழகு தெரியுமா!

நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், சிவப்பு செத்துவிடும். அடர்பழுப்பை நீர்க்கக் கரைத்து மடிப்புகளில் மட்டும் ஓடவிடுங்கள். மேடுகளுக்கு ஒரு துளி ஆரஞ்சு. வெள்ளை சேர்த்தால் ரோஸ் ஆகிவிடும். மார்பின் குறுக்கு வார்களுக்கு முதலில் பழுப்புக் கோடு, அதற்குள் சற்றே ஒல்லியாக வெள்ளை. இதில் மட்டும் அவசரமே கூடாது. பளபளப்பை மேட் வார்னிஷ் அடக்கிவிடும். 95-வது ரைபிள்ஸ் படைப்பிரிவு வீரர்களும் இருந்தால், அவர்களுக்குக் கரும்பச்சை.