சாம்பிளுக்குத்தான்

வணக்கம். ஆகஸ்டில் அமெரிக்காவில் புள்ளியியல் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்கிறேன். டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை கிடைத்திருக்கிறது. இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். அதற்குமுன் பேச்சுத் தேர்வும் உண்டு. என் உச்சரிப்பை நினைத்தால் தூக்கம் வரவில்லை. மூன்று மாதத்தில் அமெரிக்க உச்சரிப்பு வர எந்தச் செயலி நல்லது? பாடத்தை வரிவரியாக மனப்பாடம் செய்யலாமா? முதல் நாளே "என் ஆங்கிலத்தை மன்னியுங்கள்" என்று சொல்லிவிடலாமா?
நிவேதா

அன்புள்ள நிவேதா,

மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் அவர்கள் பாடத்தை விட்டுவிட்டு உங்கள் பிழைகளை எண்ணத் தொடங்குவார்கள். மனப்பாடமும் வேண்டாம்; நடுவில் ஒரு கை உயர்ந்தால் அத்தனையும் கலைந்துபோகும்.

செயலி பற்றிய கேள்விதான் எனக்குக் கோபமூட்டியது. அமெரிக்கரைப் போலப் பேசுவது வேறு, அமெரிக்கருக்குப் புரியும்படி பேசுவது வேறு. 'ர'வுக்கு நாக்கைச் சுருட்டப் பழகி மூன்று மாதத்தை வீணடிக்க உங்களுக்கு யார் சொன்னது?

தமிழில் ஒரு வாக்கியத்தில் எது முக்கியம் என்று காட்ட நமக்கு ஒட்டுகள் இருக்கின்றன. சாம்பிளின் (மாதிரித் தரவின்) வேரியன்ஸை, அதாவது பரவலின் அளவைக் கணக்கிடும்போது, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுப்போம். அதை விளக்க "சாம்பிளுக்குத்தான் ஒன்றைக் குறைக்கிறோம்" என்கிறோம். அந்தத் 'தான்' எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. குரலை உயர்த்தத் தேவையில்லை. பெரும்பாலும் ஆங்கிலம் அந்த வேலையைக் குரலிடமே விட்டிருக்கிறது. நாம் ஆங்கிலம் பேசும்போது 'தான்' இல்லாமல் போகிறது, குரலும் ஏறுவதில்லை. "ஃபார் த சாம்பிள் வேரியன்ஸ், வி டிவைட் பை என் மைனஸ் ஒன்" என்று எல்லாச் சொல்லையும் ஒரே தட்டில் வைக்கிறோம். கேட்கும் பையன் எதைக் குறிப்பெடுப்பான்? இங்கே அழுத்தம் 'சாம்பிள்' மீதும் 'ஒன்' மீதும் விழ வேண்டும். 'வேரியன்ஸ்' ஏற்கெனவே பேசிய சொல், அது அடங்கிப் போகலாம்.

அழுத்தம் என்றால் கத்துவதல்ல. அந்தச் சொல்லின் முக்கிய அசையில் உயிரொலி நீள வேண்டும், சுருதி சட்டென்று ஏற வேண்டும், பிறகு இறங்கி மீதிச் சொற்கள் தாழ்ந்த குரலில் விரைந்து ஓட வேண்டும். பலரும் ஏற்றத்தைச் செய்கிறார்கள், இறக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அப்போது எல்லாமே உயரத்தில் நின்று மறுபடி தட்டையாகிவிடும்.

இது என் கற்பனை அல்ல. லாரா ஹான் என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கொரிய மொழிக்காரர் ஒருவரின் ஒரே விரிவுரையை மூன்று வகையாகக் கேட்கச் செய்தார்: அழுத்தம் சரியான இடத்தில், தவறான இடத்தில், அழுத்தமே இல்லாமல். சரியாக அழுத்தியதைக் கேட்டவர்களுக்கே பாடம் அதிகம் நினைவிருந்தது. பேசியவர் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பயிற்சி இப்படி. திட்டவிலக்கம் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) என்றால் என்னவென்று குறிப்பில்லாமல் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிக் கைபேசியில் பதியுங்கள். பேசியதைச் சொல் மாறாமல் எழுதுங்கள். நிறுத்திய இடங்களில் கோடு போடுங்கள். எட்டுச் சொல்லுக்கு மேல் கோடில்லாமல் ஓடினால் அங்கே வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு சொல்லை, ஒப்பீடு இருந்தால் இரண்டை, அடிக்கோடிடுங்கள். அந்தச் சொல்லில் மேசையைத் தட்டியபடி மறுபடி பேசிப் பதியுங்கள். அதைப் புள்ளியியல் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, முக்கியமாகக் கேட்ட ஐந்து சொற்களை எழுதச் சொல்லுங்கள். உங்கள் அடிக்கோடுகளோடு அவை பொருந்தவில்லையா? பெரும்பாலும் துண்டின் கடைசிச் சொல்லையே பழக்கதோஷத்தில் அழுத்தியிருப்பீர்கள்.

சொல்லுக்குள்ளும் இதே கதைதான். பராமீட்டரில் 'ரா', ஹைபாதெஸிஸில் 'பா' ஓங்க வேண்டும். ஸ்டாட்டிஸ்டிக்ஸில் இரண்டாம் அசை, ஸ்டாட்டிஸ்டிஷியனில் மூன்றாம் அசை. மற்ற அசைகள் தேயட்டும். உங்கள் பாடநூலின் சொல்லடைவிலிருந்து நாற்பது சொற்களை எடுத்து, அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிகளில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். நாம் ஆங்கிலத்தின் 'P' எழுத்தைக் காற்றில்லாமல் சொல்கிறோம். அவர்கள் காதில் அது 'B' ஆக விழும். பி-வேல்யூ இல்லாமல் புள்ளியியல் வகுப்பு ஏது? உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், காகிதம் அசைய வேண்டும். சொல்லும்போதே பலகையிலும் எழுதிவிடுங்கள்.

சில சொற்களை அடியோடு மாற்ற வேண்டும். "டூ இன்டு த்ரீ" என்று பெருக்கினால் அவர்களுக்கு மூன்றை இரண்டால் வகுப்பதாகக் கேட்கும். 'டைம்ஸ்' என்று சொல்லுங்கள். 'த்ரீ பை ஃபோர்' அல்ல, 'த்ரீ ஓவர் ஃபோர்'. 'இஸட் ஸ்கோர்' அங்கே 'ஸீ ஸ்கோர்'. "எனி டவுட்ஸ்?" என்றால் உங்கள்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்பதுபோல் ஆகும். 'க்வெஸ்சன்ஸ்' என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

தேர்வைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பல இடங்களில் ஒரு சிறு பாடத்தை நடத்திக் காட்டச் சொல்லி, மாணவராக நடித்து இடையில் கேள்வி கேட்பார்கள். கேள்வியை உங்கள் சொல்லில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதை வாஞ்சையோடு சொல்கிறேன். எல்லாப் பழியும் உங்கள் நாக்கின்மேல் இல்லை. 1992இல் டொனால்ட் ரூபின் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் ஒரே ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டார்கள். சிலருக்கு வெள்ளையரின் படமும் சிலருக்கு ஆசியரின் படமும் காட்டப்பட்டது. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் இல்லாத அந்நிய உச்சரிப்பைக் கேட்டார்கள். பாடமும் அவர்களுக்குக் குறைவாகவே புரிந்தது.

எனவே "உச்சரிப்பு புரியவில்லை" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் உடைந்துபோகாதீர்கள். முதல் வாரமே வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, புரியாத சொல்லோ கருத்தோ ஒன்றைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே சொல் மூன்று சீட்டில் வந்தால், அடுத்த வகுப்பில் அதைப் பலகையில் அசைபிரித்து எழுதி, ஓங்க வேண்டிய அசையின் கீழ்க் கோடு போட்டு, ஒருமுறை சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.

அன்புடன்.