பெட்ரோல் விலை: குவைத்தில் 25, சென்னையில் 100, ஏன்?

எரிபொருள் விலை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள். வேறு தேதி சொல்லாத இடங்களில் தமிழ்நாட்டு விலைகள் 2025 நடுப்பகுதி நிலவரம்.

கேள்வி: கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையில் எல்லா நாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே? குவைத்தில் லிட்டர் 25 ரூபாய்க்குள், சென்னையில் 100, ஜெர்மனியில் 150-க்கும் மேல். வித்தியாசம் எங்கே வருகிறது?

பெரும்பகுதி வரியில் வருகிறது. சென்னை விலையைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். லிட்டர் 100.80 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, ஏற்றுக்கூலி, கம்பெனியின் லாபம் எல்லாம் சேர்ந்து பங்க்குக்கு வந்து இறங்கும் விலை சுமார் 52.70. அதன் மேல் மத்திய கலால் வரி 21.90, டீலர் கமிஷன் சுமார் 4.40. இதுவரை 79 ரூபாய். இந்த 79 ரூபாய்க்குத் தமிழ்நாட்டு வாட் வரி 13 சதவீதம், அதாவது 10.27. அதற்கும் மேல் லிட்டருக்கு 11.52 என்று ஒரு நிலையான தொகை. கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 100.80 வந்துவிடும். இதில் இரண்டு அரசுகளின் வரி மட்டும் சுமார் 43.70 ரூபாய்.

வாட் வரி கலால் வரிக்கும் சேர்த்தே போடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். வரிக்கு வரி! கலாலை 2 ரூபாய் உயர்த்தி அதைப் பங்க் விலையில் சேர்த்தால், நாம் கொடுப்பது 2.26.

இப்போது மற்ற நாடுகளைப் பார்ப்போம். ஜெர்மனியில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 65.45 யூரோ சென்ட் எரிசக்தி வரி. நம் பணத்தில் அதுவே 60 ரூபாயைத் தாண்டும். மொத்தத்துக்கும் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி தனி. அமெரிக்க மத்திய அரசின் வரி 1993-லிருந்து கேலனுக்கு 18.4 சென்ட்தான். லிட்டர் கணக்கில் 4 ரூபாய் சொச்சம். மாநில வரிகள் தனி என்றாலும் ஐரோப்பாவை எட்டாது. குவைத்தில் சாதாரண பெட்ரோல் லிட்டர் 85 ஃபில்ஸ் (அந்த நாட்டுக் காசு). எண்ணெய் வருமானத்தில் ஓடும் அரசு, உள்நாட்டுக்குக் குறைந்த விலையைத் தானே நிர்ணயிக்கிறது.

எண்ணெய் விளையும் நாடு என்றாலே பெட்ரோல் மலிவாக இருக்கும் என்றும் இல்லை. நார்வே பெரிய ஏற்றுமதி நாடு. ஆனாலும் அங்கே பெட்ரோல் ஐரோப்பாவிலேயே விலை கூடிய வரிசையில் இருக்கிறது, ஏனென்றால் அரசு வேண்டுமென்றே வரி போடுகிறது.

கேள்வி: நமக்கு 100 ரூபாய்க்கு விற்றுவிட்டு வெளிநாட்டுக்குப் பாதி விலைக்கு அனுப்புகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பாதி உண்மை. கப்பலில் ஏறும் பெட்ரோலுக்குக் கலாலும் வாட்டும் கிடையாது. எந்தப் பொருளை ஏற்றுமதி செய்தாலும் உள்நாட்டு வரியைச் சேர்த்து அனுப்புவதில்லை. மேலே சொன்ன 52.70-ஐ ஒட்டிய ஒரு விலையை நம் 100 ரூபாயோடு ஒப்பிட்டால் 'பாதி விலை' போலத்தான் தெரியும். சுத்திகரிப்பு ஆலை வாசலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நேபாளம் இதற்கு நல்ல உதாரணம். அந்த நாட்டு எண்ணெய்க் கழகம் இந்தியன் ஆயிலிடம்தான் வாங்குகிறது. 2019 முதல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்குக் குழாயே போகிறது. நம் கலால் வரி அதில் இல்லை, நேபாளம் தன் வரியைத் தனியாகப் போட்டுக்கொள்கிறது. 2021 தொடக்கத்தில் அந்த வரி நம்முடையதைவிடக் குறைவாக இருந்ததால், எல்லையோர பீகார் கிராமத்தார் பைக்கில் அந்தப் பக்கம் போய் நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

கேள்வி: கச்சா எண்ணெய் விலை இறங்கும்போது பங்க்கில் ஏன் இறங்குவதில்லை?

முதலில் கணக்கு. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். டாலர் 85 ரூபாய் என்றால், பீப்பாய்க்கு 1 டாலர் இறங்கும்போது லிட்டருக்கு 53 பைசா குறைய இடம் உண்டு. அதேபோல, கச்சா எண்ணெய் 70 டாலராக இருக்கையில் ரூபாய் மதிப்பு 1 ரூபாய் சரிந்தால் லிட்டருக்கு 44 பைசா ஏறும். செய்தியில் பீப்பாய் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டப்படி பெட்ரோல் விலை 2010-லும் டீசல் விலை 2014-லும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்றார்கள். நடப்பதோ வேறு. 2020-இல் கொரோனாவால் கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்குப் போனபோது, மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் வரியை ஏற்றியது. இறங்கிய லாபம் கஜானாவுக்குப் போனது. 2022 மே மாதம் கலாலைக் குறைத்த பிறகு 2024 மார்ச் வரை பங்க் விலை ஏறக்குறைய அசையவே இல்லை. அதில் சில மாதங்கள் கம்பெனிகளுக்கு நஷ்டம், பல மாதங்கள் லாபம். 2025 ஏப்ரலில் கலால் 2 ரூபாய் ஏறியும் பங்க்கில் விலை ஏறவில்லை. கச்சா எண்ணெய் இறங்கியதால் நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய குறைப்பு அந்த 2 ரூபாய்க்கு ஈடாகப் போய்விட்டது. விடுவிக்கப்பட்ட விலை என்று சொல்வதெல்லாம் பெயருக்குத்தான்.

கேள்வி: அப்படியானால் அரசே மானியம் கொடுத்து விலையைக் குறைவாக வைத்திருப்பது நல்லதில்லையா?

கையில் டாலர் இருக்கும்வரை நல்லது. இலங்கையில் 92 ஆக்டேன் பெட்ரோல் 2021 டிசம்பரில் 177 இலங்கை ரூபாய். 2022 ஜூன் இறுதியில் 470. இடையில் கப்பலுக்குப் பணம் கட்ட அந்நியச் செலாவணி இல்லாமல் போனது. பிறகு கியூஆர் குறியீடு வைத்துப் பங்கீடு. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர்தான். அதைவிட மோசமான அடி மண்ணெண்ணெய்க்கு விழுந்தது. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகுக்காரர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். நீண்ட நாள் அடக்கிவைத்த விலை மொத்தமாக வந்து விழும்போது, தாங்கமுடியாதவர் தலையில்தான் முதலில் விழுகிறது.

கேள்வி: டீசல் 5 ரூபாய் ஏறியதும் தக்காளி கிலோவுக்கு 10 ரூபாய் ஏற்றுகிறார் கடைக்காரர். சரியா?

டீசலைக் காரணம் காட்டினால் சரியில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து கோயம்பேடு சுமார் 450 கிலோமீட்டர். 10 டன் லோடு ஏற்றிய லாரி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்தால் 100 லிட்டர் ஆகும். திரும்பி வரும் டீசலையும் தக்காளி மேலேயே போட்டாலும் 200 லிட்டர். லிட்டருக்கு 5 ரூபாய் என்றால் கூடுதல் செலவு 1,000 ரூபாய். அதை 10,000 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 10 பைசா! தக்காளி விலை ஏறுவது வரத்துக் குறைவால், மழையால், அழுகலால்.

எரிபொருள் உயர்வு நேராகக் கடிப்பது தானே எண்ணெய் போட்டுப் பிழைப்பவரை. உணவு டெலிவரி செய்பவர் நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடினால், 50 மைலேஜ் கணக்கில் 2.4 லிட்டர், 240 ரூபாய். அதை அவர் கையிலிருந்து போடுகிறார். 5 ரூபாய் உயர்வு என்றால் 26 நாளில் 312 ரூபாய் போய்விடும். ஆட்டோக்காரர் கதையும் இதுதான். தமிழக அரசு 2013-இல் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அப்போது சென்னையில் பெட்ரோல் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 நடுப்பகுதி வரை அரசு அந்தக் கட்டணத்தைத் திருத்தவில்லை. மீட்டர் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கும் முன் இதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கடலூரில் இருக்கிறேன். புதுச்சேரி போய் பெட்ரோல் போட்டு வந்தால் லாபமா?

அதற்கென்றே போனால் நஷ்டம். லிட்டருக்கு 5, 6 ரூபாய் குறைவு என்று வையுங்கள். பைக்கில் 10 லிட்டர் பிடித்தால் மிச்சம் 60. போய்வர 44 கிலோமீட்டர், ஒரு லிட்டர் செலவு, 100 ரூபாய். காரில் 35 லிட்டர் போட்டால் 210 மிச்சம், வழிச்செலவு 3 லிட்டர், 300 ரூபாய். வேலையாகப் போகும்போது நிரப்பினால்தான் லாபம். அந்த வழியாக ஓடும் லாரிகளுக்கு 300 லிட்டர் டேங்கில் நல்ல தொகை மிஞ்சும். பிளாஸ்டிக் கேனில் வாங்கி டிக்கியில் வைத்து வருவது மட்டும் வேண்டாம். கசிந்த ஆவி மூடிய காருக்குள் தேங்கினால் ஒரு பொறி போதும்.

கேள்வி: மலேசியாவின் மானியப் பெட்ரோல் திட்டமான பூடி95 பற்றிச் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரோன்95 ரகப் பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், தொடங்கியபோது மாதம் 300 லிட்டர் வரம்பு. மற்றவர்களுக்கு 2.60-இல் தொடங்கியது. மைகார்டு என்ற குடிமக்கள் அடையாள அட்டை மட்டும் போதாது, ஓட்டுநர் உரிமம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். கார்டை நீட்டியும் மானிய விலை வரவில்லை என்றால் முதலில் உரிமத்தின் தேதியைப் பாருங்கள். வெளிநாட்டுப் பதிவெண் வண்டிகளுக்கு ரோன்95 கிடையாது, ரோன்97 போடலாம். சிங்கப்பூரிலிருந்து காரில் வருபவர்கள் புறப்படும்போதே டேங்க் முக்கால் நிரம்பியிருக்க வேண்டும் என்பது அந்த நாட்டின் விதி.

கேள்வி: 100 ரூபாய்க்குப் பதில் 110-க்குப் போட்டால் அளவு சரியாக இருக்குமாமே? காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமாமே?

இரண்டும் வீண். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் விரியும். தரைக்கடியில் இருக்கும் தொட்டியின் வெப்பமோ காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறாது. 110 என்று சொன்னாலும் கோளாறான மெஷின் கோளாறாகத்தான் அளக்கும்.

ஏமாற்று நடப்பது வேறு இடத்தில். 500 ரூபாய்க்குக் கேட்டிருப்பீர்கள். 100-இல் நிறுத்தி, "நூறுன்னு நெனச்சேன் சார், மீதியும் போட்டுடறேன்" என்பார். பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவராமலே தொடர்ந்து 400-இல் நிறுத்திவிட்டு 500 வாங்குவார். இடையில் நின்றால், மறுபடி பூஜ்ஜியம் வந்தபிறகே போடச் சொல்லுங்கள்.

அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தைக் கேளுங்கள். எல்லா பங்க்கிலும் வைத்திருக்க வேண்டும், முத்திரை காலாவதியாகாமல் இருக்க வேண்டும். பாத்திரத்தை ஒருமுறை பெட்ரோலால் நனைத்துக் கவிழ்த்துவிட்டு அளக்க வேண்டும். காய்ந்த பாத்திரத்தில் அளந்தால் சுவரில் ஒட்டுவதே குறைவாகக் காட்டும். 25 மில்லி வரை ஏறலாம், இறங்கலாம். அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம்.

மழைக்காலத்தில் போட்ட உடனே வண்டி திக்கி நின்றால், தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கை விட்டு டேங்க்கின் அடியிலிருந்து கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் அப்படியே போட்டோ எடுத்து, ரசீதோடு பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதி, எண்ணெய் கம்பெனிக்கும் அனுப்புங்கள். அளவுக் குறைவுப் புகாரைத் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு பார்க்கும். எங்கும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.