கொன்ற கையும் சமைக்கிற கையும்

வணக்கம் சார்,

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் பார்க்கிறாளே என்று ஒரு நாள் நானும் கூட உட்கார்ந்தேன். ‘ஸ்பை ஃபேமிலி’ என்ற அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். ஓர் ஒற்றனும் ஒரு கொலைகாரியும் உண்மையை மறைத்துப் புருஷன் பெண்டாட்டியாக நடிக்கிறார்கள். நடுவில் மற்றவர் மனசைப் படிக்கத் தெரிந்த ஒரு குட்டிப் பெண். மகளோடு சேர்ந்து மொத்தமும் பார்த்துவிட்டேன். எனக்கு ஒரு சந்தேகம். சண்டைக் கதை என்றால் சண்டையைக் காட்டட்டும், குடும்பக் கதை என்றால் குடும்பத்தைக் காட்டட்டும். கொஞ்ச நேரம் துப்பாக்கி, அப்புறம் பள்ளிக்கூடம், சமையல், நாய் என்று ஏன் கலக்கிறார்கள்? இழுத்தடிக்கத்தானா? ஆனால் யோசித்துப் பார்த்தால், சண்டை ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கொலைகாரி யோர் ஸ்டூ வைக்கக் கற்றுக்கொண்டது மட்டும் அப்படியே மனதில் நிற்கிறது. என் வயசுதான் காரணமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

வயசு காரணம் இல்லை. உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்கும் அந்த ஸ்டூ ஞாபகம் இருக்கும்.

ஆயுதத்தோடு நிற்கிற ஆட்கள் நிறைந்த அறைக்குள் யோர் நுழையும்போது நமக்குப் பயமே வருவதில்லை. ஜெயித்துவிடுவாள் என்று தெரியும். அவள் அடுப்படிக்குள் போனால்தான் வயிற்றைக் கலக்குகிறது. தம்பியை வளர்ப்பதற்காகச் சின்ன வயதிலேயே கொலைத் தொழிலுக்குப் போனவள் அவள். அந்த வேலை கையில் நன்றாகப் படிந்துவிட்டது, சமையல் படியவில்லை. கூட வேலை பார்க்கிற கமிலாவிடம் போய்க் கற்றுக்கொள்கிறாள். எதைச் செய்தாலும் சொதப்புகிறது. கடைசியில் தன் அம்மா வைத்த ஸ்டூ எப்படி இருந்தது என்ற ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டு போகிறாள். மேலே ஒரு பொரித்த முட்டை. நாம் கைமணம் என்கிறோமே, அதைத்தான் அவள் தேடுகிறாள். இந்தக் கைக்கு அது வருமா? அந்த எபிசோடு முழுக்க நம்மைக் கட்டிப்போடுவது இந்த ஒரு கேள்விதான்.

நீங்கள் இழுத்தடிப்பு என்று சந்தேகப்படுகிற பகுதியில்தான், என் பார்வையில், கதையே நடக்கிறது. ஒருவனால் என்ன முடியும் என்பதைச் சண்டை காட்டிவிடும். அதையெல்லாம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, கை கழுவி, சாப்பிட உட்கார அவனால் முடிகிறதா என்பதைச் சண்டையால் காட்ட முடியாது. அதற்கு ஓர் அடுப்படி வேண்டும், ஒரு தட்டு வேண்டும்.

இதை என்னைப் பொறுத்தவரை மிக ஆழமாகச் செய்தது ‘கோல்டன் கமுய்’. நோதா சதோரு 2014 முதல் 2022 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை அது. 2018-இல் அனிமேவாக வரத் தொடங்கியது. கதை நடப்பது 1900-களின் தொடக்கத்தில், ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில். ரஷ்யாவோடு நடந்த போர் 1905-இல் முடிந்திருக்கிறது. அதிலிருந்து உயிரோடு திரும்பிய சிப்பாய் சுகிமோட்டோ. எத்தனை அடிபட்டாலும் சாகாதவன் என்று பட்டப்பெயர். கதாசிரியரின் கொள்ளுத்தாத்தாவும் அந்தப் போரில் இருந்தவர், அவர் பெயரைத்தான் நாயகனுக்கு வைத்திருக்கிறார். போரில் செத்துப்போன நண்பனின் மனைவிக்குக் கண் பார்வை மங்குகிறது, சிகிச்சைக்குப் பணம் வேண்டும். அதற்காகச் சுகிமோட்டோ ஒரு புதையலைத் தேடிப் போகிறான். வழியில் அவனுக்குத் துணையாகிறவள் அசிர்பா. அந்தத் தீவின் பூர்வகுடிகளான ஐனு இனத்துச் சிறுமி, வேட்டை தெரிந்தவள்.

புதையலுக்கான வரைபடம், சிறையிலிருந்து தப்பிய கைதிகளின் உடம்பில் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. கதையில் எவ்வளவு ரத்தம் ஓடும் என்று இதிலிருந்தே தெரியும். ஆனால் கதையின் ஆரம்பத்திலேயே ஒரு காட்சி வருகிறது. காட்டில் அசிர்பா கண்ணி வைத்து அணில் பிடிக்கிறாள். தோலை உரித்துக் கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்துகிறாள். ஐனுக்கள் இதைச் சித்தத்தப் என்கிறார்கள். நாம் கொத்திக் கொத்திச் செய்தது என்று பொருள். ‘நாம்’ என்று பெயரிலேயே இருப்பதால் கூட இருக்கிறவர்கள் முறை வைத்துக் கொத்த வேண்டும். கொத்தும்போது வாயால் ‘சித்தத்தப், சித்தத்தப்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சுகிமோட்டோவின் கையில் கத்தி வருகிறது. அந்தக் கை துப்பாக்கிமுனைக் கத்தியால் மனிதர்களைக் குத்திய கை. இப்போது ஒரு சிறுமி சொல்லிக்கொடுக்க, அணில் கறியைக் கொத்துகிறது. அவன் பச்சையாகச் சாப்பிடத் தயங்குவதைப் பார்த்து அவள் அதை உருண்டை பிடித்துச் சூப்பில் போட்டுக் கொடுக்கிறாள். சாப்பிடும்போது ‘ஹின்னா’ என்று சொல்ல வேண்டும். உணவுக்கு நன்றி சொல்லும் ஐனு வார்த்தை. அவனும் சொல்கிறான்.

முதல் தடவை பார்த்தபோது நான் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் போய் மறுபடி பார்த்தேன். கட்டையில் கத்தி விழுகிற சத்தம் அவ்வளவு நிதானமாக இருக்கிறது. அதே கத்திச் சத்தம் சண்டையில் வேறு மாதிரி கேட்கும். கதை நெடுக இந்தச் சடங்கு திரும்பத் திரும்ப வருகிறது. வழியில் புதிதாக யார் சேர்ந்தாலும் அவர்கள் கையிலும் கத்தி கொடுக்கப்படுகிறது. அவர்களில் ஒருவன் வெகுநாள் வரைக்கும் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்கிறான். அவன் எப்போது சொல்வான் என்று அசிர்பா காத்திருக்கிறாள், நாமும் காத்திருக்கிறோம். இதை எந்த மோதல் காட்சியாலும் செய்ய முடியாது. இந்த ஐனு சொற்களும் பழக்கங்களும் கற்பனை இல்லை. ஐனு மொழி அறிஞர் நகாகாவா ஹிரோஷி மேற்பார்த்துக் கொடுத்தவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓடுவதையும் குதிப்பதையும் வரைவதைவிட, சாப்பிடுவதை நம்பும்படி வரைவது கஷ்டம். சண்டையில் வேகம் இருக்கிறது, சின்னப் பிசகு கண்ணில் படாது. பறக்கும் கப்பலில் நம்மில் யாரும் ஏறியதில்லை, அதனால் வரைந்தபடி ஒப்புக்கொள்வோம். முட்டையை எல்லோரும் தின்றிருக்கிறோம், அங்கே ஏமாற்ற முடியாது. 1974-இல் தகஹதா இசாவோ இயக்கிய ‘ஹைடி’ தொடரில் மியாசாகி ஹயாவோ காட்சி அமைப்பு வேலை பார்த்தார். 52 எபிசோடு, மலையில் தாத்தாவோடு வாழும் ஒரு சிறுமி, ரொட்டி, நெருப்பில் உருகும் சீஸ், ஆடுகள். சண்டை கிடையாது. அதற்காகக் குழுவினர் சுவிட்சர்லாந்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்தார்கள். 12 வருஷம் கழித்து மியாசாகி எடுத்த ‘வானத்துக் கோட்டை லபூதா’வில் ரயில் துரத்தல், ராணுவம், கொள்ளைக்காரர்கள் எல்லாம் உண்டு. ஆனால் துரத்தலில் தப்பி, பழைய சுரங்கத்துக்குள் இறங்கியதும் பாசு என்ற சிறுவன் தன் பையிலிருந்து முட்டை வைத்த ரொட்டியை எடுத்து, கூட வந்த சிறுமி ஷீட்டாவுக்குப் பங்கு போடுவான். முதலில் முட்டையை மட்டும் உறிஞ்சி இழுத்துவிட்டு அப்புறம் ரொட்டிக்கு வருவார்கள். ஹைடியில் பழகிய கை இது.

வேலையையே அன்றாடமாகக் காட்டியது ‘பட்லேபர்’. 1988-இல் வந்தது. பிரம்மாண்ட இயந்திர மனிதனை ஓட்டும் போலீஸ் பிரிவின் கதை. ஆனால் அவர்கள் பொழுதில் பாதி காத்திருப்பதிலேயே போகிறது. அவர்களைப் போட்டிருப்பது டோக்கியோ வளைகுடாவில் கடலை நிரப்பி எடுத்த ஓர் ஒதுக்குப்புறத்தில். பக்கத்தில் கடை கிடையாது. ஒரே ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையை நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். தக்காளி வளர்க்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். அவசர அழைப்பு வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள், ரசிப்பார்கள்.

ஆனால் அன்றாடம் என்று எதைக் காட்டினாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கடற்கரைக்கு ஒரு எபிசோடு, வெந்நீர் ஊற்றுக்கு ஒரு எபிசோடு என்று கணக்குக்குச் சேர்ப்பவை ஏராளம். அவற்றில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அதைவிட மோசம், அம்மா சிரித்துக்கொண்டே சோறு போடுவதைக் காட்டிவிட்டு அடுத்த காட்சியிலேயே அவளைக் கொன்றுவிடுவது. பார்க்கிறவர் அழ வேண்டும் என்பதற்காகவே வைத்த சோறு அது. இழுத்தடிப்பு என்று நீங்கள் கோபப்பட்டால் இவற்றின்மேல் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

‘கோல்டன் கமுய்’ பார்ப்பதென்றால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கொடூரமும் நிர்வாணமும் உண்டு. மகளோடு சேர்ந்து உட்காராமல் முதலில் தனியாகப் பாருங்கள். இரண்டாவது சீசனில் ஒரு பனிப்புயல் காட்சி வரும். ஒதுங்க இடமில்லாமல் மான்களை வேட்டையாடி அவற்றின் உடலுக்குள் புகுந்து குளிருக்குத் தப்பிக்கிறார்கள். வெளியே காற்று ஊளையிடுகிறது. உள்ளே சுகிமோட்டோ போரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான், அங்கே மனிதர்கள் வேறு ஆட்களாக மாற வேண்டியிருந்தது என்கிறான். அசிர்பா அவனுக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்கிறாள். உலர்ந்த பெர்சிமன் பழம் என்கிறான். போருக்குப் பிறகு அவன் அதைத் தின்னவே இல்லை. அவளோ அதை ருசித்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்கிறாள்: அந்தப் பழத்தைத் தின்றால் போருக்கு முன்னால் இருந்த சுகிமோட்டோவாக நீ ஆகிவிடுவாயா? எல்லாம் முடிந்ததும் உன் ஊருக்குப் போவோம், நானும் தின்று பார்க்க வேண்டும் என்கிறாள்.

அந்த இடம் வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.