வியர்த்து நனைந்த இரவில் மீற்றர் 78 காட்டினால்

கேள்வி: டொக்டர், அம்மாவுக்கு 68 வயது. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். ஈமோகுளோபின் 8.4. பிரஷருக்கு அடெனோலோல் எடுக்கிறார். சீனி பார்க்கும் வீட்டு மீற்றரில் காலையில் வெறும் வயிற்றில் 142, அன்றைக்கே லாப்பில் 126. கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய மீற்றர் 7.2 என்கிறது. இரண்டு விரலில் குத்தினால் இரண்டு கணக்கு வருகிறது. போன கிழமை அம்மா குசினியில் பப்பாசிப்பழம் வெட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுப் பார்த்தேன், 236. பயந்துபோய், சீனியை இறக்க இரவில் கொடுக்கும் கிளிக்லசைட் குளிசையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன். மூன்றாம் நாள் இரவு இரண்டரை மணிக்கு அம்மா வியர்த்து நனைந்து எழும்பி, என்னைச் சின்னம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பார்த்தேன், 78. நல்ல அளவுதானே என்று தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தேன். இந்த மீற்றர்கள் எல்லாம் ஏமாற்று என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். பிழையான மீற்றரை நம்பி அம்மாவின் கிட்னியைக் கெடுத்துவிட்டேனா?
வாசகி, உப்புவெளி

பதில்: இன்றிரவு அந்த இரண்டாவது குளிசையைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நடு இரவில் வியர்வை, பிள்ளையையே அடையாளம் மாறிக் கூப்பிடும் தடுமாற்றம், மூன்று நாளுக்கு முன் கூட்டிய கிளிக்லசைட். இந்த மூன்றும் சேர்ந்தால் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன், மீற்றர் 78 என்று சொன்னாலும். மூளை சீனியை வைத்துத்தான் இயங்குகிறது. அது குறையும்போதுதான் ஆள் தெரியாமல் போவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, காரணமில்லாமல் கோபப்படுவது எல்லாம் வரும். வீட்டில் பலர் இதை வயதின் மறதி என்றோ கனவு கண்டு எழும்பியது என்றோ விட்டுவிடுகிறார்கள்.

அடெனோலோல் எடுப்பவர்களுக்குச் சீனி இறங்கும்போது வரும் நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வையை மட்டும் அந்த மருந்து மறைக்காது. தடுமாற்றத்தைத் தவிர உங்கள் அம்மாவின் உடம்பு காட்டக்கூடிய முக்கியமான அடையாளம் அதுதான், அதை உடம்பு காட்டியிருக்கிறது.

அப்படியானால் 78 எங்கிருந்து வந்தது? வீட்டு மீற்றர்களுக்கென்று 2013இல் வந்த சர்வதேசத் தரவிதி ஒன்று இருக்கிறது. லாப் கணக்கு 100க்குக் கீழே என்றால் மீற்றர் 15 புள்ளி கூடவோ குறையவோ காட்டலாம். 100க்கு மேலே என்றால் நூற்றுக்கு 15 வீதம் வரை விலகலாம். நூறு தடவை பார்த்தால் 95 தடவை இந்த எல்லைக்குள் இருந்தால் போதும் என்பதுதான் விதி. ஆக, நல்ல மீற்றர் 78 காட்டும்போதே உண்மையில் 63 இருக்கலாம். 70க்குக் கீழே போனால் அது சீனி இறக்கம்.

இதற்கு மேல் உங்கள் அம்மாவின் இரத்தக் குறைவு வேறு இருக்கிறது. சிவப்பணுக்கள் குறைந்த இரத்தத்தில் மீற்றர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஸ்ட்ரிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில், எவ்வளவு சிவப்பணு இருந்தால் கணக்குச் சரியாக வரும் என்று எழுதியிருப்பார்கள். 8.4 ஈமோகுளோபின் உள்ளவருக்கு அந்த அளவு ஏறத்தாழ 25 வீதம்தான் வரும். பல மீற்றர்களுக்கு அது எல்லைக்கு வெளியே. அதனால் அந்த 78ஐ நான் 60 பக்கமாகத்தான் வாசிக்கிறேன், அதற்கும் கீழே இருந்திருந்தாலும் வியக்கமாட்டேன்.

திரும்பவும் இப்படி வந்தால் மீற்றரைத் தேடி ஓடவேண்டாம். அம்மா விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பால் தேத்தண்ணியும் சொக்லேட்டும் சரிவராது, கொழுப்பு இருந்தால் சீனி இரத்தத்தில் சேர நேரமெடுக்கும். கால் மணி கழித்துப் பாருங்கள், தெளியவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. தெளிந்ததும் இரண்டு துண்டு பாணோ பிஸ்கட்டோ சாப்பிடட்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்துவிட்டு 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கிளிக்லசைட் போன்ற குளிசைகளால் இறங்கிய சீனி, ஏற்றிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கும். வயதானவர்களுக்கு அது ஒரு நாளுக்கு மேலும் இழுக்கலாம்.

'சீனி கொடுத்தால் 300க்கு ஏறிவிடுமே' என்று கிளினிக்கில் பலர் கேட்கிறார்கள். ஓர் இரவு 300க்கு ஏறினால் அடுத்த நாள் சரிசெய்யலாம். இறங்கிய சீனியோடு விடியும் வரை படுத்திருந்தவரை அப்படிச் சரிசெய்ய முடியாமல் போகலாம்.

சரி, அந்த 236. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மா பப்பாசிப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார் என்று. விரலில் பழச்சாறு இருந்தால் மீற்றர் அந்தச் சாற்றின் சீனியையும் சேர்த்துத்தான் அளக்கும். அது எடுக்கும் இரத்தம் ஒரு சின்னப் பொட்டு, அதில் கொஞ்சம் சாறு கலந்தாலே கணக்கு எங்கோ போய்விடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போகாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்த விரலில்தான் குத்த வேண்டும். மாம்பழக் காலத்தில் 250, 280 என்று பதறி வருகிறவர்களைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லித் திரும்பப் பார்த்தால், சில நேரம் 150தான் இருக்கும். உங்கள் வீட்டில் அந்த ஒரு கணக்கை நம்பிக் குளிசை இரட்டிப்பாகியிருக்கிறது. கிளிக்லசைட்டை வீட்டில் நீங்களாகக் கூட்டாதீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. உங்கள்மேல் அல்ல, ஒரு கணக்கைப் பார்த்தவுடன் மருந்தை மாற்று என்று சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள்மேல்.

142க்கும் 126க்கும் உள்ள வித்தியாசத்தை விட்டுவிடுங்கள். 126க்கு 15 வீதம் என்றால் 107 முதல் 145 வரை போகலாம், உங்கள் மீற்றர் அதற்குள்தான் நிற்கிறது. குழாயில் எடுத்த இரத்தம் லாப்பில் காத்துக்கிடந்தாலும் அதிலுள்ள அணுக்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் மருந்து போட்ட குழாயில் எடுக்காவிட்டால் மணிக்கு 5 முதல் 7 வீதம் குறையும், நம்முடைய வெக்கையில் இன்னும் வேகமாக. ஒப்பிட்டுப் பார்க்க ஆசையென்றால் மீற்றரை லாப்புக்கே கொண்டுபோய், சாப்பிடாமல், நரம்பில் இரத்தம் எடுத்த கையோடு விரலில் குத்திப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிடாதீர்கள், அப்போது விரல் இரத்தத்தில் இயல்பாகவே சீனி கூட இருக்கும்.

இரண்டு விரலுக்கு இரண்டு கணக்கு வருவது இயல்பு. இரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியாமல் இருந்தால் போதும். கனடா மீற்றர் வேறு அலகில் (mmol/L) காட்டுகிறது. நம்முடைய அலகுக்கு (mg/dL) மாற்ற 18ஆல் பெருக்குங்கள்: 7.2 என்றால் 130. அதைத் தனியாக எடுத்து வையுங்கள். இருட்டில், பதற்றத்தில், 4 என்று காட்டுவது நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. வீட்டுக்கு ஒரு மீற்றர் போதும்.

ஸ்ட்ரிப் போத்தலைக் குசினியில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் 30 பாகைக்கு மேல் வைக்கவேண்டாம் என்று போட்டிருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே அதைவிடக் கூடத்தான் இருக்கும், கடற்கரைப் பக்கம் ஈரக் காற்றும் சேரும். ஒவ்வொரு ஸ்ட்ரிப் எடுத்ததும் மூடியை இறுக்குங்கள், ஈரத்தை இழுக்கும் பொருள் அந்தப் போத்தலுக்குள்ளேயே இருக்கிறது. பிரிட்ஜ் வேண்டாம். அண்ணா அனுப்பிய பெட்டியில் காலாவதித் திகதியையும் பாருங்கள்.

உண்மையில் நீங்கள் பயப்படுவது கிட்னிக்குத்தான், தெரிகிறது. மீற்றர் பத்துப் பதினைந்து புள்ளி விலகியதால் யாருக்கும் கிட்னி பழுதாவதில்லை. ஆனால் கிட்னி எப்படி இருக்கிறது என்று மீற்றராலும் சொல்ல முடியாது. அதற்கு இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அதை இப்போதே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கிட்னி தளர்ந்தாலும் இரத்தம் குறையும், கிட்னி தளர்ந்தவர்களுக்கு இந்தக் குளிசைகளால் சீனி இறங்கும் ஆபத்தும் கூடுதல். ஈமோகுளோபின் ஏன் 8.4க்கு இறங்கியது என்று யாராவது தேடினார்களா? இரும்புச்சத்துக் குளிசை மட்டும் கொடுத்துவிட்டிருந்தால், கேளுங்கள்.

கிளினிக் திகதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். இதை வாசித்த அன்றே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் கொப்பி, மீற்றர், ஸ்ட்ரிப் போத்தல், வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளும் ஒரு பையில் இருக்கட்டும். குளிசையை இரட்டிப்பாக்கியதை மறைக்காதீர்கள். அந்த இரவு இரண்டரை மணிக்கு நடந்ததை முதலில் சொல்லுங்கள், 142ஐயும் 126ஐயும் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.