தக்காளியின் அடி கறுக்கிறதா? மருந்தை விடுங்கள், தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் மாடித் தோட்டம் போட்டிருக்கிறேன். 15 பைகளில் தக்காளி. காய் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் கறுத்து, தோல்போல அமுங்கிவிடுகிறது. பூஞ்சாண மருந்து இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. குழாய்த் தண்ணீர் வரும் நாளில் பை நிறைய ஊற்றிவிடுவேன். மற்ற நாளில் மிச்சம் இருப்பதைக் கொஞ்சம் தெளிப்பேன்.

பதில்: காரணத்தை உங்கள் கடைசி இரண்டு வரிகளிலேயே சொல்லிவிட்டீர்கள். இது பூஞ்சாணமே இல்லை. பூ உதிர்ந்த முனையில் வருவதால் இதைப் பூமுனை அழுகல் என்போம். வளரும் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராததுதான் கோளாறு.

மண்ணில் சத்து இருந்தும் இப்படி ஆகும். கால்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும். இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து காய்க்குத் திரும்பி வராது. வெயிலில் இலைதான் தண்ணீரை அதிகம் இழுக்கும். காய்க்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். காயின் அடிமுனை கடைக்கோடி வீடு மாதிரி. வரத்து குறைந்தால் முதலில் காய்வது அதுதான். பிஞ்சு வேகமாகப் பருக்கும் முதல் இரண்டு வாரத்தில் பை ஒருமுறை காய்ந்தாலே போதும், அப்போது பட்ட அடி பிறகு கறுப்பாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல், கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள், கலந்த பை. நன்றாகக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரைப் பிடிக்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து ஓட்டை வழியே ஓடிவிடும், நாமும் நனைந்துவிட்டது என்று திருப்தியாகப் போய்விடுவோம். இப்படி ஊற்றி முடித்த ஒரு பையை நான் கிழித்துப் பார்த்தேன். மேலே இரண்டு விரல்கடை ஈரம், நடுவில் மூக்குப்பொடி மாதிரி தூள்.

அதனால் குழாய் வரும் நாளில் பையை நிரப்பாமல் டிரம்மை நிரப்புங்கள். காய் பிடித்த செடிக்கு தினமும் காலையில் 1 லிட்டர். சித்திரை வெயிலில் சாயங்காலம் இன்னொரு லிட்டர். ஒவ்வொரு லிட்டரையும் நிதானமாக, இரண்டு தவணையாக ஊற்றுங்கள். விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் அந்த வேளை விட்டுவிடலாம். மேலே காய்ந்த இலையோ கரும்புச் சோகையோ பரப்புங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை மட்டுமே நம்ப வேண்டாம், உப்பும் கால்சியத்தைத் தடுக்கும். யூரியா, புதுக் கோழி எரு இரண்டையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். இலை செழித்தால் காயின் பங்குதான் குறையும்.

அவசரத்துக்கு கால்சியம் நைட்ரேட், லிட்டருக்கு 5 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கலாம். இலைக்கு அடித்துப் பயனில்லை, பிஞ்சுகள் நனைய வேண்டும். தண்ணீர் சீராகாமல் இதை மட்டும் அடித்தால் காசுதான் கரையும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். போடுங்கள், கெடுதல் இல்லை; ஆனால் அது மக்கிச் சத்தாவதற்குள் இந்தச் செடியின் ஆயுசே முடிந்துவிடும்.

ஏற்காட்டில் யாராவது சுண்ணாம்பு போடச் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மலைமண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது; அதற்குச் சுண்ணாம்பு சரி. உங்கள் பைக்கு, கால்சியம் உள்ள ஜிப்சம் தூள் ஒரு கைப்பிடி போதும்.

கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். செடியின் சத்தாவது மிஞ்சும். அடியை வெட்டிவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடலாம். இனி வரும் கொத்துகளைத்தான் பார்க்க வேண்டும். மண்ணைத் தொடும் காயில் மட்டும் பழுப்பு வளையம் வளையமாக வந்தால் அது வேறு, நிஜமான பூஞ்சாண அழுகல். அதற்குச் செடியைக் குச்சியில் தூக்கிக் கட்டுவது முதல் வேலை.