திருநீறு பூத்த சிப்பாய்களைத் தின்னரில் போடலாமா?

கேள்வி: நானும் மகனும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசிப் போரை மேசையில் ஆடுவதற்காக 28 மி.மீ. சிப்பாய் பொம்மைகள் அறுபதுக்குப் பெயின்ட் அடித்தோம். பாதி உலோகம், பாதி பிளாஸ்டிக். ஐப்பசியில் ஒரு மழை நாள், மாடிக் கொட்டகையில் வைத்து மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தோம். மறுநாள் பார்த்தால் அத்தனையும் திருநீறு பூசியது போல வெளுத்திருக்கிறது. பொம்மைக்குப் பெயின்ட் அடித்துத் தரும் ஒருவர், "தின்னரில் ஊறவைத்து உரித்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும், ஒன்றுக்கு 350 ரூபாய், பாதிப் பணம் முன்னால்" என்கிறார். பிரெஞ்சுப் படையில் சிலருக்குச் சிவப்புக் கோட்டு அடித்ததும் தப்பாம். வீணாகிறவற்றுக்குப் பதிலாக இங்கிலாந்திலிருந்து 'கிஃப்ட்' என்று வரவழைத்தால் வரியே இல்லையாம். பணம் கொடுக்கலாமா? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அந்த வெள்ளைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

ஸ்ப்ரே டப்பாவிலிருந்து வார்னிஷ் சீறி வெளியே வரும்போது சில்லென்று குளிர்ந்துபோகும். நம் கடலோரத்து மழைக்காலக் காற்றிலோ ஈரம் சொட்டுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்க்குமே, அதேதான் இங்கேயும். காற்றின் ஈரம் வார்னிஷோடு கலந்து, அது காயும்போது மேற்பரப்பு பொடிப்பொடியாகச் சொரசொரத்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை அந்தச் சொரசொரப்புதான். டப்பாவைச் சரியாகக் குலுக்காமல் அடித்தாலும் இப்படி வரும். எதனால் வந்தது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஒரு சோதனை. வெளுத்த பொம்மை மேல் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவுங்கள். குளியலறை ஜன்னலின் சொரசொரக் கண்ணாடி நனைந்தால் தெளிவாகுமே, அது போல நனைந்த இடத்தில் பழைய நிறம் தெரிந்தால் கவலையை விடுங்கள். நன்றாக உலரவிட்டு, பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷைப் பிரஷால் மெல்லிசாக ஒரு கோட் தடவுங்கள். சொரசொரப்பின் பள்ளங்களை அது நிரப்பிவிடும், நிறம் திரும்பும். முழுதும் தெளியவில்லை என்றால் இன்னொரு கோட். இப்போது சிப்பாய்கள் எண்ணெய்க் குளியல் போட்டவர்கள் மாதிரி மின்னுவார்கள். அதற்கு மேல் மேட் வார்னிஷ் ஒரு கோட், இதுவும் பிரஷால்தான். அடைமழை முடிகிற வரைக்கும் ஸ்ப்ரே டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

கடையில் வார்னிஷ் என்று பொதுவாகக் கேட்டால் மரச் சாமானுக்கு அடிப்பதையோ, டர்பென்டைன் வாடை வீசும் தைல ஓவிய வார்னிஷையோ எடுத்து நீட்டுவார்கள். பிரஷைத் தண்ணீரில் கழுவலாமா என்று கேளுங்கள். கழுவலாம் என்றால் வாங்குங்கள்.

தின்னர் யோசனையைச் சொன்னவர் கையில் உங்கள் பொம்மைகள் போகவே கூடாது. உலோகம் தாங்கும். பிளாஸ்டிக் பொம்மைகள் ஹார்டுவேர் கடைத் தின்னரில் ஊறினால் கொழகொழவென்று ஆகிவிடும், துப்பாக்கியும் கையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். இது தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? 'வீணாகிறவற்றுக்குப் பதிலாக' என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறாரே, அதை யோசியுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் ஒழுங்காகப் பெயின்ட் அடித்துத் தருகிறவர்கள் முதலில் ஒரு மாதிரி பொம்மை அடித்துக் காட்டுவார்கள். அறுபதுக்கு 21,000, அதில் 10,500 முன்பணம் என்று ஆரம்பிக்கிறவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த 'கிஃப்ட்' கதை. பல வருடம் முன்னால் நானும் ஒரு ஏஜென்டை நம்பி, பார்சல் எங்கே என்று ஆறு மாதம் போன் அடித்துக்கொண்டிருந்தவன், அதனால் கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன். குறைந்த மதிப்புள்ள அன்பளிப்புப் பார்சலுக்கு வரி விலக்கு முன்பு இருந்தது. 2019 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள், ராக்கிக் கயிறு போன்ற ஓரிரண்டைத் தவிர. பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றவாம். வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் கட்டைவிரல் உயரத்து ஈயச் சிப்பாய்க்கும் என்ன போட்டி என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும். நாற்பது வயதுக்காரர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பொத்தான் பொத்தானாகப் பெயின்ட் அடிப்பதும் நம் அதிகாரிகள் கணக்கில் குழந்தை விளையாட்டுதான். சரி, சட்டம் சட்டம். ஆனால் 'வரியே இல்லை' என்று சொல்கிறவர் உங்கள் பெயரில் பொய் எழுதி அனுப்பப்போகிறார். பார்சல் சுங்கத்தில் நின்றால் பதில் சொல்லவேண்டியது நீங்கள்.

கடைசியாகச் சிவப்புக் கோட்டு. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் சரியாகச் செய்த ஒன்றைத் தப்பு என்று சொல்லிக் காசு கேட்கிறார். பிரெஞ்சுக்காரன் என்றால் நீலம் என்பது புரட்சிக்கும் நெப்போலியனுக்கும் பிறகு நம் தலையில் ஏறியது. 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் நின்ற லொரேன் என்ற பிரெஞ்சு ரெஜிமென்ட்டுக்குச் (படைப்பிரிவுக்கு) சாம்பல் கலந்த வெள்ளைக் கோட்டு. ஆனால் பிரெஞ்சுத் தளபதி லாலியின் சொந்த ரெஜிமென்ட் ஐரிஷ்காரர்களுடையது. 1691-ல் அயர்லாந்தில் தோற்ற, பட்டம் இழந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் ஆட்கள் பிரான்சுக்குப் போய்ச் சேவகம் பார்த்தார்கள். உண்மையான ராஜாவின் படை நாங்கள்தான் என்பது அவர்கள் வாதம், அதனால் இங்கிலாந்து ராஜா படையின் சிவப்பை விடவில்லை. 1744-ல் அமைந்த லாலியின் ரெஜிமென்ட்டும் அந்த வழிதான். ஆக வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் ஆட்களும் சிவப்பு, எதிரே பிரெஞ்சு வரிசையில் ஒரு பகுதியும் சிவப்பு. மகன் ஆட்டத்தின் நடுவே குழம்பினால் பொம்மையின் அடித்தட்டு விளிம்பில் பிரெஞ்சுக்கு ஒரு நிறம், ஆங்கிலேயருக்கு ஒரு நிறம் தடவிவிடுங்கள். கோட்டைத் தொடாதீர்கள்.

வார்னிஷ் வைத்தியத்தை முதலில் ஐந்து பேருக்கு மட்டும் செய்து, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சிவப்புக் கோட்டுக்காரர்களில் ஆரம்பியுங்கள், நிறம் திரும்புவது பளிச்சென்று தெரியும். லொரேன்காரர்கள் கடைசியில் வரட்டும். அவர்கள் வெளுத்ததே தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.