சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்தது, இது அலர்ஜியா?

கேள்வி: காலையில் சூரை மீன் வாங்கி, பையை வண்டியிலேயே வைத்துவிட்டு மற்ற வேலைகளை முடித்து மதியம்தான் வீட்டுக்கு வந்தேன். மீனில் நாற்றம் எதுவும் இல்லை. நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட்டோம். மிளகே போடவில்லை, ஆனால் முதல் வாயிலேயே நாக்கு சுருக்கென்றது. அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலை விண்விண்ணென்று தெறித்து, நெஞ்சு படபடத்தது. கணவருக்கும் லேசாக அரிப்பு. மறுநாள் சரியாகிவிட்டது. இதே மீனைப் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். இனி மீனே கூடாதா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன: மிளகு போடாமலே நாக்கு சுருக்கென்றது, கணவருக்கும் அரித்தது. ஒரே சட்டியில் சாப்பிட்ட இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் புதிதாக அலர்ஜி வருவது அபூர்வம். இது பெரும்பாலும் ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கும். கோளாறு உங்கள் உடம்பில் இல்லை, அந்த மீனில்தான்.

சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் ஐஸில் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும், அலர்ஜியின்போது நம் உடம்பே சுரக்கிற அதே பொருள்தான் அது, அதனால்தான் அறிகுறிகளும் அச்சு அசலாக அலர்ஜி மாதிரியே இருக்கின்றன. நன்றாக வேகவைத்தோமே என்கிறீர்கள். வெந்தால் பாக்டீரியா சாகும், ஏற்கனவே உருவான ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். பொரித்தாலும், ஃப்ரீசரில் போட்டாலும் போகாது. நாற்றம் வந்தால்தானே கெட்டது என்று பலரும் நம்புகிறார்கள், ஆனால் மூக்குக்குத் தெரியாமலே இது கூடிவிடும். அன்று கெடுத்தது வண்டியில் இருந்த அந்தச் சில மணி நேரமாக இருக்கலாம், அதற்கு முன்பே கடையில் வெயிலில் கிடந்திருக்கவும் கூடும்.

அதனால் அடுத்த முறை மீன் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஐஸுக்கு மேலே சும்மா பரப்பி வைத்ததை விட்டு, ஐஸுக்குள் புதைந்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள். முழு மீன் என்றால் கண் தெளிவாக இருக்க வேண்டும், துண்டு என்றால் விரலால் அமுக்கிய குழி உடனே எழும்ப வேண்டும். செக்கச்செவேல் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஏற்றினால் பழைய சூரைகூட நாள்கணக்கில் சிவப்பாகவே நிற்கும். மீனைக் கடைசியாக வாங்கி, ஐஸோடு கட்டி நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே வைத்து ஓரிரு நாளில் சமைத்துவிட வேண்டும். உறைந்த மீனை மேடையில் போட்டு உருக்காமல் ஃப்ரிட்ஜிலேயே உருக விடுங்கள். அப்புறம், எவ்வளவு பார்த்து வாங்கியிருந்தாலும் வாயில் வைத்ததும் சுருக்கென்றால் துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். காசு போகிறதே என்று இரண்டாவது வாய் வைக்காதீர்கள்.

காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். உடம்புக்குள் ஹிஸ்டமினை உடைக்கிற நொதியை அந்த மருந்து தடுத்துவிடும், அதனால் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மீன்கூட அவர்களைப் படுத்திவிடும். கர்ப்பிணிகளுக்குப் பாதரசம் தனிக் கவலை, பெரிய வகைச் சூரையில் அது அதிகம், சிறிய வகையை அளவாகச் சாப்பிடலாம்.

லேசான தொந்தரவென்றால் அலர்ஜிக்குத் தருகிற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையே போதும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சு இறுகினாலோ, உதடு வீங்கினாலோ, தலைசுற்றி விழப்போனாலோ, இது ஹிஸ்டமினா அலர்ஜியா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மீனை விட வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மறுபடி சாப்பிடும் முன் ஒருமுறை உங்கள் மருத்துவரைப் பார்த்து, அலர்ஜிக்கான ரத்தப் பரிசோதனையோ தோல் பரிசோதனையோ தேவையா என்று கேட்டுவிடுங்கள்.